ஒரே ஜாக் உள்ள லேப்டாப், ஆறு துளை உள்ள 5.1 ஸ்பீக்கர்: வெளிப்புற சவுண்ட் கார்டு வாங்கலாமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஒலி பற்றி விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

அப்பா 2009-இல் வாங்கிய 5.1 ஸ்பீக்கர் செட் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மரப்பெட்டியில் சப்வூஃபர், அதோடு ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள். எல்லாமே இன்றைக்கும் நன்றாக வேலை செய்கின்றன. சப்வூஃபரின் முதுகில் ஆறு ஆர்சிஏ துளைகள்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, சென்டர், சப். பழைய டெஸ்க்டாப்பின் பின்புறம் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஜாக்குகள் இருந்தன. அவற்றிலிருந்து மூன்று ஒயர்கள் இந்த ஆறு துளைக்கும் வரும். டிவிடியில் படம் போட்டால், மழைக் காட்சியில் கூரைக்கு மேல் மழை கொட்டுவது முதுகுக்குப் பின்னால் கேட்கும். அப்பாவுக்கு அதில் தனி சந்தோஷம்.

போன ஐப்பசி இடிமழையில் அந்த டெஸ்க்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. இப்போது என்னிடம் இருப்பது லேப்டாப். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜாக், இரண்டு யூஎஸ்பி, ஒரு எச்டிஎம்ஐ, அவ்வளவுதான். ஜாக்கில் ஒயரைச் சொருகினால் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும் பாடுகின்றன. மற்ற நான்கும் ஊமை.

கடைகளில் விசாரித்தேன். ஒருவர், ஒய் வடிவ ஒயர்களைப் போட்டு ஒரே ஜாக்கிலிருந்து ஆறு துளைக்கும் பிரித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் கட்டைவிரல் அளவுள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைக் காட்டினார். உறையில் ‘7.1’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதில் பச்சைத் துளை ஒன்று, இளஞ்சிவப்புத் துளை ஒன்று, வேறெதுவும் இல்லை. மூன்றாமவர், ஆப்டிகல் ஒயர் (ஒலியை ஒளியாக அனுப்பும் ஒயர்) உள்ள பெட்டியாக வாங்குங்கள், அதுதான் உயர்ந்தது என்கிறார்.

படம் பார்ப்பது, கொஞ்சம் கேம் விளையாடுவது, இரவில் பழைய பாட்டு கேட்பது, இவைதான் தேவை. விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. இன்னொன்று: சார்ஜர் சொருகியிருக்கும்போது ஸ்பீக்கரில் ‘ஊம்ம்’ என்று ஓர் இரைச்சல் வருகிறது. அதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மின்கம்பி எழுதியது:

எச்டிஎம்ஐ இருக்கும்போது சவுண்ட் கார்டு எதற்கு? எச்டிஎம்ஐ ஒரே ஒயரில் எட்டு சானல் ஒலியை, அதாவது எட்டு ஸ்பீக்கருக்கான தனித்தனி ஒலியை, சுருக்காமல் கொண்டுபோகும். 2002-இல் வந்த முதல் பதிப்பிலேயே அந்த வசதி உண்டு. நல்ல ஏவி ரிசீவர் (ஆம்ப்ளிஃபையரும் உள்ளே இருக்கும் பெட்டி) ஒன்று வாங்கி, லேப்டாப்பின் எச்டிஎம்ஐயை அதில் சொருகுங்கள். ரிசீவரே ஒலியைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் அனுப்பும். தூரம், அளவு எல்லாவற்றையும் மைக் வைத்து அதுவே சரிசெய்துகொள்ளும். ஒரு முறை செலவு செய்தால் பல வருடத்துக்குக் கவலை இல்லை.


பழைய வால்வு எழுதியது:

தம்பி, வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், அது நல்லது. ஆம்ப்ளிஃபையர், ஹோம் தியேட்டர் பழுது பார்ப்பது என் தொழில். சென்னை ரிச்சி தெருவில் தொழில் கற்றேன், இப்போது சொந்த ஊரில் செய்கிறேன். உங்களைப் போல நல்ல ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, சரியான ஒரு பெட்டி இல்லாமல் ஸ்டீரியோவாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மின்கம்பி சொல்வது தவறில்லை. புதிதாக ஒரு ஹோம் தியேட்டரே அமைப்பதாக இருந்தால் அதுதான் நல்ல வழி. ஆனால் உங்கள் செட்டின் ஐந்து சின்ன ஸ்பீக்கர்களுக்கும் ஆம்ப்ளிஃபையர் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ரிசீவர் வாங்கினால் அந்த ஆம்ப்ளிஃபையர் வீணாகும். இந்த சப்வூஃபர் ரிசீவரோடு பொருந்துமா, சின்ன ஸ்பீக்கர்கள் தாங்குமா என்ற கேள்விகளும் வரும். கடைசியில் ஸ்பீக்கரையும் மாற்றச் சொல்வார்கள். அப்பா வாங்கிய செட் நன்றாக வேலை செய்கிறது என்கிறீர்கள். அதைக் காப்பாற்றுவோம்.

ஒலி, படத்தின் கோப்பிலிருந்து உங்கள் காது வரை பல கை மாறி வருகிறது. கோப்பு, அதைத் திறக்கும் மென்பொருள், விண்டோஸ், கார்டு, ஒயர், ஸ்பீக்கர். இதில் எந்த ஒரு கை இரண்டு சானலை மட்டும் வாங்கிக்கொண்டாலும், அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் ரூபாய் சாமான் வைத்திருந்தாலும் இரண்டு சானல்தான். ஆகவே எந்தப் பெட்டி உயர்ந்தது என்று பார்க்காதீர்கள். ஆறு சானலும் எந்த இடத்தில் இரண்டாகிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அந்த இடம் லேப்டாப்பின் ஜாக். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் சரியாக இருக்கிறது.

இனி கடைக்காரர்கள் சொன்னதைப் பார்ப்போம்.

ஒய் ஒயர் போட்டால் ஆறு ஸ்பீக்கரிலும் சத்தம் வரும், உண்மைதான். ஆனால் ஆறிலும் வருவது ஒன்றே. முன்னால் பேசுகிற நாயகன் உங்கள் பிடரிக்குப் பின்னாலும் பேசுவான். மழை எங்கும் பெய்யும். சத்தம் நிறையும், சரவுண்ட் வராது.

கட்டைவிரல் கார்டு. துளையை எண்ணுங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஒன்றில் இடது, வலது என இரண்டு சானல்தான் போகும். ஆகவே 5.1 வேண்டுமென்றால் வெளியே அனுப்பும் ஜாக் மூன்று இருக்க வேண்டும், 7.1 வேண்டுமென்றால் நான்கு. ஒரு பச்சைத் துளையை வைத்துக்கொண்டு 7.1 என்று அச்சடித்திருந்தால், அது ஹெட்போனுக்கான கணக்கு. ஒலி பின்னாலிருந்து வந்தால் நம் காது மடலும் தலையும் அதை எப்படி மாற்றுமோ, அதேபோல மென்பொருள் மாற்றி இரண்டு சானலுக்குள் அடைத்துத் தருகிறது. ஹெட்போனில் ஓரளவு எடுபடும். உங்கள் ஆறு துளைக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

ஆப்டிகல் பற்றித்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த இணைப்பு அது. சுருக்காத ஒலியாக இருந்தால் அதில் இரண்டு சானல்தான் போகும். ஆறு சானல் போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்ற முறையில் சுருக்கி அனுப்ப வேண்டும். மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றுவது மாதிரி. மறுமுனையில் அந்த மூட்டையைப் பிரிக்க ஒரு டிகோடர் இருக்க வேண்டும். லாஜிடெக் இசட்906 மாதிரியான சில செட்டுகளில் அது உள்ளேயே உண்டு. உங்கள் செட்டில் ஆறு ஆர்சிஏ துளைதான் இருக்கிறது, டிகோடர் கிடையாது. ஆப்டிகல் ஒயரைச் சொருக அதில் இடமே இல்லை.

நடுவில் ஒரு டிகோடர் பெட்டி வைக்கலாம். ஆப்டிகலை வாங்கிக்கொண்டு ஆறு ஆர்சிஏவாகப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன. டிவிக்கும் டிவிடி பிளேயருக்கும் அவை சரி. கம்ப்யூட்டருக்கு நான் சொல்ல மாட்டேன். டிவிடி ஒலி ஏற்கெனவே சுருக்கப்பட்ட மூட்டை. டால்பி டிஜிட்டல் என்றால் டிவிடியில் விநாடிக்கு அதிகபட்சம் 448 கிலோபிட். அது அப்படியே கடந்து போய்விடும். கேம் அப்படி இல்லை. துப்பாக்கி எந்தப் பக்கம் வெடிக்கிறது என்பதை அந்தந்த நொடியில் உருவாக்கி, சுருக்காத ஒலியாகத் தருகிறது. அதை உடனுக்குடன் டால்பி மூட்டையாகக் கட்டும் வசதி, டால்பி டிஜிட்டல் லைவ் என்பார்கள், உங்கள் லேப்டாப்பிலோ கார்டிலோ இருந்தால்தான் ஆறு சானல் போகும். இல்லையென்றால் கேம் ஸ்டீரியோவாகத்தான் போகும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது, யூஎஸ்பியில் சொருகி, மூன்று ஜாக் வழியாக ஆறு சானல் அனலாக் ஒலி தரும் வெளிப்புற சவுண்ட் கார்டு. இது புது விஷயம் இல்லை. கிரியேட்டிவ் நிறுவனம் ஆடிஜி 2 என்எக்ஸ் என்ற யூஎஸ்பி பெட்டியை 2003-இலேயே விற்றது. பிறகு அதே நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஆம்னி, அதன் பின் எக்ஸ்4, அசூஸின் சோனார் யூ5, யூ7 என்று வந்தன. இவற்றில் சில இப்போது பழைய சாமானாகத்தான் கிடைக்கும். விலை குறைவாக வேண்டும் என்றால் சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்6206 சில்லு போட்ட, பெயர் தெரியாத பெட்டிகள் இருக்கின்றன. உள்ளங்கை அளவு, பின்னால் வரிசையாக ஜாக்குகள்.

இந்த மலிவுப் பெட்டியை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு சானல், ஒவ்வொன்றும் 16 பிட், விநாடிக்கு 48,000 மாதிரிகள். பெருக்கினால் விநாடிக்கு 46 லட்சம் பிட்டுக்குக் கொஞ்சம் மேல். பழைய யூஎஸ்பி 1.1 தாங்குவது விநாடிக்கு 120 லட்சம் பிட். தாராளமாக அடங்கும். டிவிடியின் ஒலியும் அதே 48,000தான். பெரிய பெட்டிகள் தரும் 24 பிட், 96,000 என்ற கணக்கில் எட்டு சானல் வேண்டுமென்றால்தான் விநாடிக்கு 184 லட்சம் ஆகும், அதற்கு யூஎஸ்பி 2.0 தேவை. உங்கள் ஸ்பீக்கருக்கு அந்த வித்தியாசம் கேட்காது. விலை கூடின பெட்டியில் கிடைப்பது வேறு: சத்தமே இல்லாத இடங்களில் உஸ் என்ற இரைச்சல் குறைவு, வால்யூம் திருகு பெட்டியிலேயே இருக்கும், ஆம்னி மாதிரி சிலவற்றுக்கு ரிமோட்டும் உண்டு. இரவில் பழைய பாட்டு கேட்பேன் என்கிறீர்களே, தாழ்ந்த சத்தத்தில் கேட்கும்போது அந்த உஸ் தெரியும். கையில் காசு இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஒயர்: ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ. மூன்று வேண்டும். பழைய டெஸ்க்டாப்பின் ஒயரே போதும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பச்சை முன்னுக்கு, கறுப்பு பின்னுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்புக்கும்.

பெட்டியை லேப்டாப்பின் யூஎஸ்பியில் நேரடியாகச் சொருகுங்கள். வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கோடு ஒரே ஹப்பில் பகிர்ந்தால் சில நேரம் ‘டிக் டிக்’ என்று வெட்டும். பிறகு விண்டோஸில் பழைய சவுண்ட் ஜன்னலைத் திறந்து, பிளேபேக் பட்டியலில் புதிய கார்டைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தி 5.1 என்று சொல்லுங்கள். அங்கேயே டெஸ்ட் உண்டு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறை வைத்து ஒலிக்கும். இதைச் செய்யாமல் விட்டால் விண்டோஸ் ஸ்டீரியோ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பெட்டி சரியில்லை என்று என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடம்தான்.

படத்துக்கு விஎல்சி பிளேயர் போதும். டால்பி, டிடிஎஸ் இரண்டையும் அதுவே பிரித்து ஆறு சானலாகக் கார்டுக்குக் கொடுத்துவிடும்.

இரைச்சல் பற்றித் தனியாக எழுதுகிறேன். அது அவசரமாகச் சொல்லும் விஷயம் அல்ல.


எட்டாம் நம்பர் எழுதியது:

கேம் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பல கேம்கள் தொடங்கும் நேரத்தில்தான் விண்டோஸில் எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்டுக்கொள்ளும். ஆகவே முதலில் 5.1 என்று மாற்றிவிட்டு, பிறகு கேமைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும்போது மாற்றினால் பின் ஸ்பீக்கர்கள் பேசாது. கேமின் உள்ளே இருக்கும் ஒலி அமைப்பில் ‘ஹெட்போன்’ என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மிகப் பழைய கேம் வைத்திருந்தால் ஒரு சிக்கல் உண்டு. முன்பு கேம்கள் டைரக்ட்சவுண்ட் 3டி என்ற விண்டோஸ் வசதி வழியாக நேரடியாக சவுண்ட் கார்டின் சில்லையே வேலை வாங்கின. இஏஎக்ஸ் என்ற எதிரொலி வித்தை எல்லாம் அப்படி வந்ததுதான். 2007-இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. அதனால் அந்தக் காலத்து கேம்கள் பல இன்று வெறும் ஸ்டீரியோவாகத்தான் கேட்கும். கிரியேட்டிவ் கார்டாக இருந்தால் ஆல்கெமி என்ற மென்பொருள் அதை ஓரளவு மீட்டுத் தரும். மற்ற கார்டுகளில் கடினம். புது கேம்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஒலிக் கணக்கை எல்லாம் பிராசஸரே போட்டுவிடுகிறது. கார்டு அதை அப்படியே ஸ்பீக்கருக்குக் கடத்தினால் போதும்.


பழைய வால்வு எழுதியது:

இரைச்சலுக்கு வருகிறேன்.

முதலில் சோதனை. படம் எதுவும் ஓடாமல், ஸ்பீக்கர் வால்யூமைப் பாதி வைத்து, சார்ஜரை லேப்டாப்பிலிருந்து உருவுங்கள். ‘ஊம்ம்’ அப்போதே நின்றால் அது எர்த் சுற்று. லேப்டாப் சார்ஜரின் மூன்றாவது பின் வழியாக எர்த்துக்கு ஒரு பாதை. ஸ்பீக்கர் வழியாகவோ, டிவியின் கேபிள் ஒயர் வழியாகவோ இன்னொரு பாதை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன மின்னழுத்த வித்தியாசம் ஆடியோ ஒயரின் வெளிச்சுற்றில் ஓடி, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாகக் காதுக்கு வருகிறது. சார்ஜரை எடுத்த பிறகும் நிற்கவில்லை என்றால், ஆர்சிஏ ஒயரின் வெளிச்சுற்று ஏதாவது ஒன்றில் விட்டுப்போயிருக்கும். பின்னை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்.

எர்த் சுற்று என்றால் முதலில் லேப்டாப், ஸ்பீக்கர், டிவி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள். பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். கேபிள் டிவியின் ஒயரைக் கழற்றிப் பார்த்து, அதனால் நின்றால் குற்றவாளி அந்த ஒயர்.

சிலர் சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் உள்ளே காப்பு பழுதான அன்று, லேப்டாப்பின் உலோக மூடியைத் தொடும் கைதான் எர்த்தாக இருக்கும். இரைச்சலை நிறுத்த உயிரைப் பணயம் வைப்பதா?

ஒரே பெட்டியில் சொருகியும் போகவில்லை என்றால் யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சின்னச் சாதனம் இருக்கிறது. தகவலைக் கடத்தும், எர்த் தொடர்பைத் துண்டித்துவிடும். லேப்டாப்புக்கும் கார்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். மலிவானவற்றில் பெரும்பாலும் ஏடியூஎம்4160 என்ற சில்லு இருக்கும். அது பழைய யூஎஸ்பி வேகமான 12 மெகாபிட் வரைதான் கடத்தும். சிஎம்6206 பெட்டிக்கு அதுவே பொருத்தம். யூஎஸ்பி 2.0 வேகம் கேட்கும் பெரிய கார்டுகளுக்கு அது சரிவராது, வேகமான ஐசொலேட்டர் வேண்டும், விலையும் கூடும். ஆர்சிஏ ஒயரின் நடுவே போடும் டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டரும் கிடைக்கிறது. முன் ஸ்பீக்கர்களுக்குப் பரவாயில்லை. சப்வூஃபர் ஒயரில் போடாதீர்கள். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த ஒலியைத்தான் முதலில் விழுங்கும். சப் தருவதே அந்த ஒலியைத்தான்.


லினக்ஸ் வீடு எழுதியது:

வாங்கும் பெட்டி சரியா என்று கடையிலேயே தெரிந்துகொள்ள ஒரு யோசனை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த டிரைவரும் போடாமல் சொருகினவுடன் விண்டோஸின் கான்ஃபிகர் ஜன்னலில் 5.1 என்ற தேர்வு வருகிறதா என்று பாருங்கள். சிஎம்6206 மாதிரியானவை பொதுவான யூஎஸ்பி ஆடியோ முறையில் இயங்குபவை. பெரும்பாலும் டிரைவர் கேட்காமலேயே அந்தத் தேர்வு வந்துவிடும். லினக்ஸிலும் அப்படியே. ஸ்டீரியோ மட்டும் காட்டினால் வாங்காதீர்கள், ‘டிரைவர் போட்டால் வரும்’ என்று அவர்கள் சொன்னாலும் சரி.


தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வால்வு அண்ணா, துளையை எண்ணச் சொன்னது கைமேல் பலன் தந்தது. லேப்டாப்போடு போய், மூன்று ஜாக் உள்ள சிஎம்6206 பெட்டி ஒன்றைச் சொருகிப் பார்த்தே வாங்கினேன். 5.1 என்று வந்தது. பழைய ஒயர்களையே போட்டேன். எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் சொருகியதும் இரைச்சலும் நின்றுவிட்டது.

டெஸ்டில் ஆறும் ஒலிக்கின்றன. ஆனால் இரண்டு விஷயம் சரியில்லை. படம் பார்க்கும்போது பின் ஸ்பீக்கர்கள் அதிகமாகக் கேட்கின்றன, எல்லாமே பின்னாலிருந்து வருவது போல. கட்டில் பின் சுவரை ஒட்டி இருக்கிறது, பின் ஸ்பீக்கர்கள் தலைக்கு இரண்டு பக்கமும் ஆணியில் தொங்குகின்றன. அடுத்தது, வசனம் தெளிவாக இல்லை. சப்வூஃபரிலிருந்து யாரோ போர்வைக்குள் பேசுவது போல முனகல் கேட்கிறது, சென்டரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பெட்டியில் கோளாறா?


பழைய வால்வு எழுதியது:

பெட்டியில் கோளாறு இல்லை தம்பி.

பின் ஸ்பீக்கரை முதலில் பார்ப்போம். உங்கள் தலையிலிருந்து அது இரண்டடி, முன் ஸ்பீக்கர் எட்டு ஒன்பது அடி இருக்கும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது, ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. ஆக, பின் ஒலி ஆறு ஏழு மில்லிவிநாடி முன்னதாகவே உங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. முதலில் வந்து சேரும் ஒலி எங்கிருந்து வருகிறதோ, அங்கேதான் சத்தம் இருக்கிறது என்று நம் மூளை முடிவு செய்யும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் இதை ஆய்வேடாகவே எழுதியிருக்கிறார். ரிசீவராக இருந்தால் பின் ஒலியை அந்த அளவு தாமதப்படுத்தித் தரும். மின்கம்பி சொன்ன வழியின் நிஜமான பலன் அங்கேதான் இருக்கிறது. உங்கள் அமைப்பில் அதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் இழுக்க முடியுமா பாருங்கள். பிறகு பின் ஸ்பீக்கர்களைத் தலைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, பக்கச் சுவர்களில் கொஞ்சம் பின்தள்ளி மாட்டுங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 என்ற பரிந்துரையில் கோணமே சொல்லியிருக்கிறது: சென்டருக்கு நேர் எதிரே நீங்கள் உட்கார்ந்தால், முன் இரண்டும் உங்கள் பார்வையிலிருந்து 30 டிகிரி விலகி, பின் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள். அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால், நேர் முதுகில் இல்லை. கட்டிலை நகர்த்தவே முடியாது என்றால், பின் ஸ்பீக்கர்களை உங்கள் பக்கம் பார்க்க விடாமல் எதிர்ச் சுவரையோ கூரையையோ பார்த்துத் திருப்புங்கள். விண்டோஸின் லெவல்ஸ் பகுதியில், பேலன்ஸ் பொத்தானுக்குள், ஒவ்வொரு சானலுக்கும் தனி அளவு இருக்கும். பின் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பின் ஸ்பீக்கர் இருப்பதே தெரியக்கூடாது, நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைந்ததாகத் தெரிய வேண்டும். அந்த அளவுதான் சரி.

பழைய பாட்டுக்கு இது எதுவும் வேண்டாம். அவை ஸ்டீரியோவாகவோ மோனோவாகவோ பதிந்தவை. முன் இரண்டிலும் சப்பிலும் மட்டும் கேளுங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் பரப்பிவிடும் வசதியை டிரைவரில் காட்டினால் அணைத்துவிடுங்கள். பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே கச்சிதமாக நிற்கும். அதைக் கலைத்து அறை முழுக்கத் தூவுவது எனக்குச் சம்மதமில்லை.

வசனம் முனகுவதற்குக் காரணம் சென்டரும் சப்பும் இடம் மாறியிருப்பதுதான். ஆரஞ்சு ஜாக்கில் ஒரு சானல் சென்டர், இன்னொன்று சப். எது இடது முனையில், எது வலது முனையில் என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் பழைய மதர்போர்டு ஒரு வரிசையில் தந்தது, இந்தப் பெட்டி மறு வரிசையில் தருகிறது. அதனால் வசனம் எல்லாம் சப்வூஃபருக்குப் போகிறது. அது தாழ்ந்த ஒலியை மட்டும் வெளியே விடுவதால் போர்வைக்குள் பேசுவது போலக் கேட்கிறது. சென்டருக்குப் போக வேண்டிய இடத்தில் குண்டு வெடிக்கும்போது மட்டும் வரும் தாழ்ந்த ஒலி போகிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. டெஸ்டில் இரண்டும் ஒலித்ததால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை, முறை மாறி ஒலித்ததைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சப்வூஃபரின் முதுகில் ஆரஞ்சு ஒயரிலிருந்து வரும் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். டெஸ்டை மறுபடி ஓட்டி, திரையில் சென்டர் படம் மினுங்கும்போது சென்டரே பேசுகிறதா என்று பாருங்கள்.


தாமிரபரணிக்கரை எழுதியது:

மாற்றிவிட்டேன் அண்ணா. சென்டர் பேசுகிறது, வசனம் ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக இருக்கிறது. கட்டிலை இரண்டடி இழுக்க அம்மா சம்மதிக்கவில்லை, ஓரடிக்கு ஒப்புக்கொண்டார். பின் ஸ்பீக்கர்களைப் பக்கச் சுவருக்கு மாற்ற ஒயர் நீளம் பற்றவில்லை. சாதாரண ஸ்பீக்கர் ஒயரை இணைத்து நீட்டலாமா, இல்லை ஏதாவது குறிப்பிட்ட ஒயர்தான் வாங்க வேண்டுமா?


பழைய வால்வு எழுதியது:

சாதாரண இரட்டை ஒயர் போதும். இந்தத் தூரத்துக்கும் இந்த வாட்டுக்கும் விலை கூடின ஒயர் எதுவும் தேவையில்லை. ஒரு புறம் கோடு போட்ட ஒயராக வாங்குங்கள், கோடுள்ளதை இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் மாட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், மழை மெலிந்து போகும். இணைப்பை முறுக்கி விட்டால் போதாது, ஈயம் வைத்துப் பற்றி டேப் சுற்றுங்கள். ஒரு கம்பி பிரிந்து மற்றதைத் தொட்டால் ஆம்ப்ளிஃபையர் சில்லு போகும். 2009 செட்டுக்கு அந்தச் சில்லைத் தேடி அலைவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும்.